கண் தெரியாத முதலாளிகள்

அமெரிக்கச் சர்க்கார் கொடுத்த வாக்கு, காண்டிராக்ட் பத்திரத்தில் கரைந்து போகலாமா?

காலை ஏழு மணி. அமெரிக்காவில் ஒரு சர்க்கார் ஆபீஸ் கட்டிடம். அதன் கீழ்த்தளத்தில் ஒரு சிறு கடை. காப்பி மணம் வீசுகிறது. ரொட்டி, பிஸ்கட், சாக்லெட், பத்திரிகை எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆபீசுக்குப் போகும் ஒருவர் கடைமுன் வந்து நிற்கிறார். "ஒரு காப்பி, ஒரு பிஸ்கட் பொட்டலம்" என்கிறார். கடைக்காரரின் கை நீளுகிறது. தவறாமல் சரியான பொட்டலத்தின் மேல் போய் நிற்கிறது. வந்தவர் நோட்டை நீட்டி, "ஐந்து டாலர்" என்று வாய்விட்டுச் சொல்கிறார். ஒரு நொடியில் பாக்கிச் சில்லறை வந்து விடுகிறது.

நோட்டைக் கொடுப்பவர் தொகையை ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? கடைக்காரருக்குக் கண் தெரியாது!

நம் நாட்டில் பத்து ரூபாய் நோட்டு ஓர் அளவு. ஐந்நூறு ரூபாய் நோட்டு வேறு அளவு. அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரு டாலர் நோட்டும் நூறு டாலர் நோட்டும் ஒரே நீளம், ஒரே அகலம். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இது கண் தெரியாதவர்களுக்குச் செய்யும் அநீதி என்று 2008-ம் ஆண்டில் மேல்முறையீட்டுக் கோர்ட்டு ஒன்று தீர்ப்புக் கூறியது. அதன் பிறகு, நோட்டின் தொகையைப் படித்துச் சொல்லும் சிறு கருவியைச் சர்க்காரே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. காசுகள் அவ்வளவு கஷ்டம் தருவதில்லை. பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளின் ஓரத்தில் வரி வரியாகக் கோடு இருக்கும். ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளின் ஓரம் வழவழப்பாக இருக்கும். விரல் நுனியே கண்ணாக வேலை செய்யும்.

இந்தக் கடைக்காரர் கூலிக்கு உட்கார்ந்திருப்பவர் அல்ல. கடையின் முதலாளி அவரே. லாபமும் அவருடையது, கவலையும் அவருடையது. அவருக்கு அந்த இடம் தருமமாகக் கிடைக்கவில்லை, சட்டப்படி கிடைத்தது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் பல ஆண்டுகளாகக் கோர்ட்டிலும் சட்டசபையிலும் போராட்டம் நடந்து வருகிறது.

சட்டம் பிறந்த கதை

1930-ஐ ஒட்டிய ஆண்டுகள் அமெரிக்காவுக்குப் பொல்லாத காலம். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. கண்ணும் கையும் காலும் நன்றாக இருந்தவர்களுக்கே வேலை கிடைக்கவில்லை. அப்படியிருக்கக் கண் தெரியாதவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

அப்போது இரண்டு அரசியல்வாதிகள் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜென்னிங்ஸ் ராண்டால்ப். பிரதிநிதிகள் சபையின் இளம் உறுப்பினர். மற்றவர் டெக்ஸாஸ் செனட்டர் மாரிஸ் ஷெப்பர்டு. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வருவதற்கு முன்னின்று பாடுபட்டவர்.

மசோதாவின் கருத்து மிக எளிமையானது. மத்திய சர்க்காருக்கு நாடெங்கும் கட்டிடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் காப்பியும் பத்திரிகையும் வேண்டும். அந்தக் கடையைக் கண் தெரியாதவர் நடத்தட்டுமே!

1936-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி மசோதா சட்டமாயிற்று. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயல் இழந்தவர். சட்டத்துக்கு "ராண்டால்ப் - ஷெப்பர்டு சட்டம்" என்று பெயர் வந்தது.

கண் தெரியாதவர்களுக்கு வருமானமுள்ள தொழில் கொடுக்க வேண்டும். அவர்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இதுதான் சட்டத்தின் நோக்கம்.

கடை எப்படிக் கிடைக்கிறது?

கடை வேண்டுமென்றால் முதலில் லைசென்சு வாங்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கண் பார்வைக்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ளவர் 200 அடி தூரத்தில் பார்ப்பதை, கண்ணாடி போட்டும் 20 அடிக்குள் வந்தால்தான் பார்க்க முடியும் என்றால், அவர் சட்டப்படி கண் தெரியாதவர்.

மாநிலங்களில் இதற்கென்று ஓர் இலாகா இருக்கிறது. அது கண் தெரியாதவருக்குத் தொழில் பழக்குகிறது; லைசென்சு தருகிறது; கடைச் சாமான்களும் முதல் சரக்கும் கொடுத்து உட்கார வைக்கிறது. பிறகு லாபம் அவரைச் சேரும். லாபத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும். சாமான்களைப் பழுது பார்க்கவும் புதிதாக வாங்கவும் அந்த நிதி பயன்படும். கடைக்காரர்கள் கூடி ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால், அதிலிருந்தே ஓய்வுகாலப் பணமும் வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்சும் ஏற்பாடு செய்து கொள்ளலாம். கடைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு கமிட்டியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இலாகா முடிவு செய்யும்போது அந்தக் கமிட்டிக்கும் பங்கு உண்டு.

கண் தெரியாதவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்கள் யோசனை என்ன?" என்று கேட்கும் சட்டம் இது. பணத்தைவிடப் பெரிய மரியாதை அல்லவா?

இயந்திரம் வந்தது

நாள் போகப் போக ஒரு புதுப் பகைவன் வந்தான். காசு போட்டால் சோடாவும் மிட்டாயும் தரும் இயந்திரம்!

கண் தெரியாதவரின் கடை ஒரு மூலையில். பத்து அடி தள்ளி இயந்திரம். கடைக்கு வர வேண்டிய காசு இயந்திரத்துக்குள் விழுந்தது. அந்த வருமானம் பல இடங்களில் ஆபீஸ் ஊழியர்களின் சங்கங்களுக்குப் போயிற்று. கடைக்காரர் என்ன செய்வார்? 1954-ல் திருத்திய சட்டத்திலும் அவருக்குச் "சலுகை" என்றுதான் எழுதியிருந்தது. சலுகை என்றால், கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ராண்டால்ப் அதற்குள் செனட்டராகி விட்டார். தம் பெயர் கொண்ட சட்டத்தைத் தாமே மீண்டும் கையில் எடுத்தார். 1974-ல் சட்டம் திருத்தப்பட்டது. "சலுகை" போய் "முன்னுரிமை" வந்தது. அதாவது, கண் தெரியாதவருக்கு முதல் உரிமை. மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும்.

இயந்திர வருமானத்துக்கும் கணக்குப் பிறந்தது. கடைக்கு நேர்ப் போட்டியாக உள்ள இயந்திரமா? வருமானம் முழுவதும் கண் தெரியாதவர்களுக்கு. நேர்ப் போட்டி இல்லையா? 100-க்கு 50 பங்கு. ஆபீஸ் நேரம் தாண்டியே பெரும்பாலும் வேலை நடக்கும் இடமா? 100-க்கு 30 பங்கு.

புதிய சர்க்கார் கட்டிடம் கட்டினால் அதில் கடைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 100 ஊழியர்களுக்குக் குறைந்த சிறு கட்டிடங்களுக்கு விலக்கு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சொல்லும் சட்டத்துக்குள் நுழைந்தது. "கடை" என்பதில் உணவுக்கூடமும் சேரும் என்று எழுதினார்கள்.

அந்த ஒரு சொல்தான் பிறகு ராணுவத்தையே கோர்ட்டுக்கு இழுத்தது!

பட்டாளத்துச் சாப்பாடு

உணவுக்கூடம் என்றால் என்ன? வரிசையில் நின்று, தட்டை எடுத்து, வேண்டியதைப் போட்டுக் கொண்டு போகும் இடம். பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடமும் அப்படித்தானே? அங்கே தினமும் ஆயிரக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள். பிஸ்கட் கடை எங்கே, பட்டாளத்துக்குச் சோறு போடும் காண்டிராக்ட் எங்கே! அதில் புரளும் பணம் கோடிக்கணக்கு.

ராணுவ இலாகாவின் சட்ட அதிகாரிகளே 1998-ல், "ஆமாம், பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடமும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான்" என்று கருத்துச் சொன்னார்கள். மாநில இலாகா, கண் தெரியாத ஒருவருக்காக டெண்டர் கொடுக்கும். அந்த டெண்டர் விலையிலும் தரத்திலும் மற்றவற்றோடு போட்டி போடக்கூடியதாக இருக்க வேண்டும். இருந்தால், காண்டிராக்ட் அவருக்கே முதலில். விலை என்னவானாலும் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. தகுதியோடு வந்து நின்றால் தள்ளி விடாதே என்றுதான் சொல்கிறது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் அல்ல. மற்ற உடல் ஊனமுற்றோருக்காக இயங்கும் அமைப்பும் எதிர்த்தது. இங்கேதான் கதை சிக்கலாகிறது.

ஏழைக்கு ஏழை போட்டியா?

1938-ல் வந்த இன்னொரு சட்டமும் உண்டு. வாக்னர் - ஓடே சட்டம் என்று பெயர். கண் தெரியாதவர்கள் வேலை செய்யும் தரும ஸ்தாபனத் தொழிற்கூடங்களிலிருந்து துடைப்பம் முதலிய சாமான்களைச் சர்க்கார் வாங்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1971-ல் செனட்டர் ஜாவிட்ஸின் முயற்சியால், மற்ற கடுமையான ஊனமுற்றோரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சாமான் மட்டுமின்றி வேலைகளையும் அவர்களிடம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. அந்த வேலைகளில் ஒன்று, பட்டாளத்துச் சமையற்கூட வேலை!

இரண்டு சட்டங்கள். இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் வேற்றுமை பெரிது. ஒன்று கண் தெரியாதவரை முதலாளியாக்குகிறது. மற்றொன்று பல ஊனமுற்றோருக்குக் கூலி வேலை தருகிறது. காண்டிராக்ட் ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது?

வழக்கு நடந்தது. வர்ஜீனியாவில் உள்ள போர்ட் லீ ராணுவ முகாம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2001-லும், நியூ மெக்சிகோவில் உள்ள கிர்ட்லாண்டு விமானப்படைத் தளம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2003-லும் மேல்முறையீட்டுக் கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லின. உணவுக்கூடத்தைப் பற்றித் தனியாக எடுத்துச் சொல்வது ராண்டால்ப் - ஷெப்பர்டு சட்டம். ஆகவே அதற்கே முதல் இடம் என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்ப்பாளர்கள் விடவில்லை. 2005-ல் செனட் சபைக் கமிட்டி ஒன்று விசாரணை நடத்தியது. 2007-ல் சர்க்காரின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பட்டாளத்துச் சாப்பாட்டுக் காண்டிராக்ட்டுகளில் 39 கண் தெரியாத முதலாளிகளிடமும், 53 மற்றச் சட்டத்தின்படி தரும ஸ்தாபனங்களிடமும் இருந்தன. எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 46½ கோடி டாலர். இத்தகைய காண்டிராக்ட் வைத்திருந்த கண் தெரியாத முதலாளிக்குச் சராசரியாக வருஷத்துக்கு இரண்டே முக்கால் லட்சம் டாலர் அளவில் வருமானம். தரும ஸ்தாபனத்தின் ஊனமுற்ற தொழிலாளிக்கு மற்றப் பலன்களையும் சேர்த்து மணிக்குச் சுமார் 13 டாலர்!

"ஒருவர் மட்டும் பணக்காரராவதற்கா சட்டம்? அந்தக் காண்டிராக்ட்டில் நூறு பேருக்கு வேலை கிடைக்குமே!" என்று கேட்டார்கள். "பெயர் கண் தெரியாதவருடையது. பின்னால் நின்று நடத்துவது பெரிய சாப்பாட்டுக் கம்பெனி" என்றும் குற்றம் சாட்டினார்கள். தரும ஸ்தாபனம் தன் வேலை நேரத்தில் 100-க்கு 75 பங்கை ஊனமுற்றோரைக் கொண்டே செய்ய வேண்டும். கண் தெரியாத முதலாளிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ள முடியாது. பெயருக்கு மட்டும் ஒருவரை முன்னால் நிறுத்துவது சட்டத்தையே ஏமாற்றுவதாகும். அதைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டியதுதான். மற்ற ஊனமுற்றோருக்கும் வேலை கொடுங்கள் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கண் தெரியாதவர்கள் கேட்கிறார்கள்: "பெரிய காண்டிராக்ட் எடுக்கும் எந்த முதலாளி தனியாக வேலை செய்கிறார்? எவரும் ஆள் வைத்து, கூட்டுச் சேர்ந்துதான் செய்கிறார். கண் உள்ளவர் செய்தால் அது சாமர்த்தியம். நாங்கள் செய்தால் மட்டும் மோசடியா? கண் உள்ளவர் லட்சம் சம்பாதித்தால் பாராட்டுகிறீர்கள். நாங்கள் சம்பாதித்தால் மட்டும் கணக்குக் கேட்பதேன்?"

இந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஊனமுற்றவர் என்றால் குறைந்த கூலிக்குக் கைகட்டி நிற்க வேண்டியவர் என்ற எண்ணம் பலர் மனத்தில் இருக்கிறது. 1938-ல் வந்த கூலிச் சட்டமே, ஊனமுற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று அனுமதித்தது. தரும ஸ்தாபனங்களின் சர்க்கார் காண்டிராக்ட்டுகளில் அந்த வழக்கம் 2022-ல்தான் விதி போட்டு நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில், கண் தெரியாதவர் ஒருவர் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

ஒரு சொல்லில் ஒரு யுத்தம்

இருவரையும் சமாதானப்படுத்தச் சட்டசபை முயன்றது. ஒருவர் கையில் ஏற்கெனவே இருக்கும் காண்டிராக்ட்டை மற்றவர் பறிக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தது. 2006-ல் ராணுவ இலாகாவும் கல்வி இலாகாவும் மற்றச் சட்டத்தை நடத்தும் கமிட்டியும் சேர்ந்து ஓர் உடன்பாட்டு அறிக்கை வெளியிட்டன.

சண்டை ஓய்ந்ததா? இல்லை. வேறு வழியாக வந்தது.

ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் என்னென்ன வேலை? சமைக்க வேண்டும். பரிமாற வேண்டும். மேஜை துடைக்க வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். சில முகாம்களில் பட்டாளத்தாரே சமைக்கிறார்கள். மிச்ச வேலை மட்டும் காண்டிராக்ட்டுக்கு வருகிறது. அப்போது, "இது உணவுக்கூடத்தை நடத்தும் காண்டிராக்ட் அல்ல. வெறும் துடைக்கிற, கழுவுகிற காண்டிராக்ட். ஆகவே முன்னுரிமை கிடையாது" என்ற வாதம் கிளம்பியது.

"நடத்துதல்" என்ற ஒரு சொல்! அதற்கு என்ன பொருள்? பல முகாம்களில் இந்தக் கேள்வி வழக்காயிற்று. டெக்ஸாசில் உள்ள போர்ட் பிளிஸ் முகாம் வழக்கில், ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2020-ல் தீர்ப்பளித்தது. இத்தகைய துணை வேலைகளுக்கான காண்டிராக்ட்டிலும் கண் தெரியாதவரின் முன்னுரிமை பொருந்தும் என்று அது சொன்னது.

வழக்கில் வெற்றி கிடைத்தாலும் ஒரு சங்கடம் உண்டு. காண்டிராக்ட் மறுக்கப்பட்டால் மாநில இலாகா கல்வி மந்திரியிடம் புகார் செய்ய வேண்டும். பிறகு மூன்று பேர் கொண்ட நடுவர் குழு. அதற்குப் பிறகு கோர்ட்டு. அப்புறம் மேல்கோர்ட்டு. காண்டிராக்ட்டோ சில ஆண்டுகளுக்குத்தான். நியாயம் வந்து சேரும்போது காண்டிராக்ட் முடிந்து போயிருக்கலாம். பந்தி முடிந்த பிறகு இலை போட்டு என்ன பயன்?

ஆளில்லாத ஆபீஸ்

பட்டாளத்துக் காண்டிராக்ட் சிலருக்குத்தான். மற்றவர்களுக்குச் சிறு கடையும் இயந்திரங்களும்தான் ஜீவனம். 1982-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால், பெரிய நெடுஞ்சாலைகளின் ஓய்விடங்களில் வைக்கும் இயந்திரங்களிலும் கண் தெரியாதவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. அன்று பகைவனாக வந்த இயந்திரம் பிற்பாடு சோறு போட்டது!

2020-ல் கொரோனா நோய் வந்தது. சர்க்கார் ஊழியர்கள் வீட்டில் இருந்தே வேலை செய்தார்கள். ஆபீஸ் காலியாயிற்று. ஆபீஸ் காலியானால் கடையில் யார் காப்பி குடிப்பார்கள்? அலமாரியில் சரக்குக் கெட்டுப் போயிற்று. கடைக்காரரின் கை வெறுங்கையாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் சட்டசபை 2 கோடி டாலர் நிவாரணம் ஒதுக்கியது. நாடு முழுவதிலும் உள்ள கடைக்காரர்கள் அதைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும்.

1940-ல் தோன்றிய கண் தெரியாதோர் தேசிய சம்மேளனத்திலும், பிறகு தோன்றிய அமெரிக்கக் கண் தெரியாதோர் கவுன்சிலிலும் கடைக்காரர்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. ராண்டால்ப் - ஷெப்பர்டு சட்டத்தின் உரிமை தேயாமல் பார்த்துக் கொள்ள அவை குரல் கொடுக்கின்றன.

எங்கே காக்க வேண்டும்?

இந்தக் கதையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கண் தெரியாதவரின் உரிமையை எவரும் சட்டசபையில் எழுந்து நின்று, "ஒழித்துக் கட்டுவோம்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. உரிமை போவது வேறு வழியில். ஓர் ஆபீசில், ஒரு மேஜையில், டெண்டர் நோட்டீஸ் எழுதும்போது போகிறது. "உணவுக்கூடம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "துப்புரவு வேலை" என்று எழுதினால் போகிறது. ஒரே காண்டிராக்ட்டை இரண்டாகப் பிரித்தால் போகிறது.

ஆகவே காக்க வேண்டிய இடமும் அதுதான். டெண்டர் வெளியாகும் முன்பே மாநில இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லுக்கு என்ன பொருள் என்று முன்பே முடிவு செய்து விட வேண்டும். புகாரை விரைவில் விசாரித்து முடிக்க வேண்டும். தீர்ப்பு வரும் வரையில் காண்டிராக்ட்டை நிறுத்தி வைக்க வழி வேண்டும். பெயருக்கு முதலாளியாக இருப்பவரையும் உண்மையான முதலாளியையும் பிரித்துப் பார்க்கக் கண்காணிப்பும் வேண்டும். அப்படிச் செய்தால் மற்ற ஊனமுற்றோருக்கும் குறை சொல்ல இடம் இராது.

கீழ்த்தளக் கடைக்காரர் மாலையில் கடையைக் கட்டுகிறார். கல்லாவில் உள்ள காசை விரலால் தடவி எண்ணுகிறார். நாளைக்கு எத்தனை ரொட்டி வாங்குவது என்று கணக்குப் போடுகிறார். வாடிக்கைக்காரர் "ஐந்து டாலர்" என்று சொன்னால், அந்த வார்த்தையை நம்பிச் சில்லறை கொடுக்கிறவர் அவர்.

சர்க்கார் 1936-ல் அவருக்கு ஒரு வார்த்தை கொடுத்தது. அதையும் நம்பித்தான் அவர் கடை திறந்தார். வாடிக்கைக்காரர் வாக்குத் தவறுவதில்லை. சர்க்கார் தவறலாமா?